எண்ணெய்த் தடையும் நாடுகளின் கணக்கும்

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

'தனக்கு மிஞ்சித்தான் தானம்' என்பது நம் வீடுகளில் பெரியோர் அடிக்கடி கூறும் பழமொழி. இப்பழமொழி தனி மனிதருக்கு மட்டும்தானா, நாடுகளுக்கும் பொருந்துமா? வல்லமை மிக்க ஒரு நாடு எளிய நாட்டின்மீது படையெடுக்கும்போது மற்ற நாடுகள் யாவும் அது தவறு என்று ஒரே குரலில் கண்டிக்கின்றன. 'அந்நாட்டுடன் வாணிபம் செய்யாதீர்' என்று தீர்மானமும் நிறைவேற்றுகின்றன. ஆனால் 'எண்ணெய் விற்பதையும் நிறுத்துவோமா?' என்று கேட்டவுடன் அந்த ஒரே குரல் பல குரல்களாகப் பிரிந்துவிடுகிறது.

அது ஏன்? வரலாற்றுப் பாடத்தில் சர்வதேச சங்கத்தின் தோல்வியைப் படிக்கும் ஒவ்வொரு மாணவிக்கும் இக்கேள்வி எழுந்திருக்கும். ஐம்பது நாடுகள் ஒன்று சேர்ந்தும் ஒரு நாட்டைத் தடுக்க முடியாமற் போனது எங்ஙனம்? இதற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொருளாதாரத் தடை என்றால் என்ன?

அன்புத் தோழியரே! முதலில் ஓர் எளிய எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு தெருவில் ஒரு பெரிய மளிகைக் கடைக்காரர் இருக்கிறார். அவர் ஏழை ஒருவரின் வீட்டு மனையைப் பறித்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தெருவார் கூடி, "அவரிடம் எதையும் வாங்குவதுமில்லை, அவருக்கு எதையும் விற்பதுமில்லை" என்று முடிவு செய்கிறார்கள். எல்லோரும் கை தட்டுகிறார்கள்.

சிக்கல் மறுநாள் காலையில் தொடங்குகிறது. தெருவில் ஒருவர் அக்கடையில் மாதக் கணக்கு வைத்துக் கடனுக்குச் சாமான் வாங்குபவர். வேறு கடையில் அவருக்குக் கடன் கிடைக்காது. இரண்டாமவரின் மகன் அக்கடையில் வேலை பார்க்கிறான். மூன்றாமவர் தம் தோட்டத்துத் தேங்காய்களை அக்கடைக்கே விற்றுப் பிழைப்பவர். நான்காமவர் தெருக் கூட்டத்திற்கே வராதவர். மற்றவர்கள் விற்க மறுத்த பொருள்களை அவர் கொண்டுபோய் விற்று இலாபம் காண்கிறார்.

இந்நால்வரில் எவரும் 'ஏழையின் மனையைப் பறித்தது நியாயம்' என்று சொல்லவில்லை. ஆயினும் தடை தளர்ந்துவிடுகிறது. தண்டனையின் செலவு எல்லோருக்கும் சமமாக இல்லாததே காரணம். நாடுகளின் கதையும் இதுவே.

எத்தியோப்பியாவின் முறையீடு

ஆப்பிரிக்காவில் ஐரோப்பியருக்கு அடிமைப்படாமல் வாழ்ந்த மிகச் சில நாடுகளுள் எத்தியோப்பியா ஒன்று. அபிசீனியா என்றும் அதற்குப் பெயர் உண்டு. 1896ஆம் ஆண்டு அடுவா என்னுமிடத்தில் இத்தாலியப் படையை அந்நாடு முறியடித்தது. 1923இல் சர்வதேச சங்கத்தில் உறுப்பினராகவும் சேர்ந்தது.

இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி 1935 அக்டோபர் 3ஆம் நாள் எத்தியோப்பியாவின்மீது படையெடுத்தார். எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசி சர்வதேச சங்கத்திடம் முறையிட்டார். சங்கத்தின் உடன்படிக்கையில் 16ஆம் விதி இதற்கென்றே எழுதப்பட்டிருந்தது. ஓர் உறுப்பு நாடு ஒப்பந்தத்தை மீறிப் போர் தொடுத்தால் மற்ற நாடுகள் யாவும் அதனுடன் வாணிபத் தொடர்பைத் துண்டிக்க வேண்டும் என்பது அவ்விதி.

சங்கம் சும்மா இருக்கவில்லை. ஒரு வாரத்திற்குள் இத்தாலியே குற்றவாளி என்று கூறியது. 50 நாடுகள் அதை ஏற்றன. 1935 நவம்பர் 18ஆம் நாள் தடைகள் நடைமுறைக்கு வந்தன. இத்தாலிக்கு ஆயுதம் விற்பதும், கடன் கொடுப்பதும், இத்தாலியப் பொருள்களை வாங்குவதும் தடுக்கப்பட்டன. ரப்பர், தகரம், நிக்கல் முதலிய சில பொருள்களை இத்தாலிக்கு அனுப்புவதும் தடை செய்யப்பட்டது.

பட்டியலில் விடுபட்ட பொருள்

இப்போது பட்டியலைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோம். அதில் அலுமினியம் இருந்தது. ஆனால் அலுமினியம் இத்தாலி தன் தேவைக்கு மேலாகவே உற்பத்தி செய்த உலோகம். இரும்புத் தாது பட்டியலில் இருந்தது. அதை உருக்கிச் செய்யும் எஃகு இல்லை. நிலக்கரி இல்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, எண்ணெய் இல்லை!

முசோலினியின் படை கடல் கடந்து சென்று, மலைநாட்டில் லாரிகளையும் டாங்குகளையும் விமானங்களையும் கொண்டு போரிட்டது. அவையெல்லாம் எண்ணெயின்றி அசையா. இத்தாலியின் சொந்த மண்ணில் அன்று எண்ணெய் வளம் இல்லை என்றே சொல்லலாம். தனக்கு வேண்டியதில் பெரும் பகுதியை ருமேனியா, சோவியத் ரஷ்யா, ஈரான், அமெரிக்கா போன்ற நாடுகளிடமிருந்து அது விலைக்கு வாங்கியது. இதில் ஒரு விந்தையும் உண்டு. இத்தாலியின் ஆட்சியில் அப்போதிருந்த லிபியாவின் மணலுக்கடியில் பெரும் எண்ணெய் வளம் இருந்தது. அது கண்டறியப்பட்டதோ 1959இல்தான்!

சங்கம் அமைத்த நிபுணர் குழு 1936 பிப்ரவரியில் தன் அறிக்கையைத் தந்தது. உறுப்பு நாடுகள் அனைத்தும் எண்ணெயை நிறுத்தி, அமெரிக்காவும் தன் விற்பனையைப் பழைய அளவுக்குள் வைத்துக்கொண்டால், சுமார் மூன்றரை மாதங்களில் இத்தாலி எண்ணெயின்றித் தவிக்கும் என்று அக்குழு கணக்கிட்டது. மருந்து இன்னதென்று தெரிந்திருந்தது. கொடுக்கத்தான் எவரும் முன்வரவில்லை.

ஒவ்வொரு நாட்டின் கணக்கு

ஒவ்வொரு நாடும் என்ன கணக்குப் போட்டது என்பதை இனிக் காண்போம்.

ருமேனியாவின் ஏற்றுமதியில் எண்ணெய் முதன்மையானது. 'மற்றவர் எல்லோரும் நிறுத்தினால் நாங்களும் நிறுத்துவோம்' என்று அது கூறியது. தான் விட்ட சந்தையை வேறொருவர் பிடித்துக்கொள்வார் என்ற அச்சமே இந்த நிபந்தனைக்குக் காரணம். சோவியத் ரஷ்யாவும் இதே முறையில்தான் இசைந்தது.

பிரிட்டனின் நிலையோ இன்னும் சிக்கலானது. ஈரானில் எண்ணெய் எடுத்த ஆங்கிலோ-ஈரானிய எண்ணெய்க் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகள் பிரிட்டிஷ் அரசிடமே 1914 முதல் இருந்தன. இத்தாலியைத் தண்டிக்க வேண்டும் என்று பேசிய அரசே இத்தாலிக்கு எண்ணெய் விற்கும் கம்பெனியின் உரிமையாளராகவும் இருந்தது! அன்றியும், இத்தாலியப் படைக்கப்பல்கள் சூயஸ் கால்வாய் வழியாகவே ஆப்பிரிக்கா சென்றன. எக்காலத்திலும் எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் கால்வாய் திறந்திருக்க வேண்டும் என்று 1888ஆம் ஆண்டின் ஒப்பந்தம் ஒன்று கூறியது. அதைச் சுட்டிக்காட்டிக் கால்வாய் மூடப்படவில்லை. கால்வாய்க் கம்பெனியில் பிரிட்டனுக்கும் பிரெஞ்சுக்காரர்க்கும் பங்குகள் உண்டு. இத்தாலியக் கப்பல்கள் செலுத்திய சுங்கப் பணம் அக்கம்பெனிக்கே சென்றது. நிலக்கரியை நிறுத்தினால் தன் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வேலை போகும் என்ற கவலையும் பிரிட்டனுக்கு இருந்தது.

அமெரிக்கா சர்வதேச சங்கத்தில் சேரவே இல்லை. நம் கதையில் தெருக் கூட்டத்திற்கு வராத நான்காமவர் அந்நாடுதான். 1930இல் கிழக்கு டெக்சாஸில் பெரும் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. பொருளாதார மந்தக் காலம் வேறு. எனவே எண்ணெய் வாங்குவோர் எங்கே கிடைப்பர் என்று கம்பெனிகள் தேடிய நேரம் அது. 1935 ஆகஸ்டில் நிறைவேறிய நடுநிலைச் சட்டம் போரிடும் நாடுகளுக்கு ஆயுதம் விற்பதைத் தடுத்தது. எண்ணெய் ஆயுதமாகக் கருதப்படவில்லை. வெளியுறவு அமைச்சர் கார்டல் ஹல், எண்ணெய் விற்பது அரசின் கொள்கைக்கு மாறானது என்று 1935 நவம்பரில் அறிக்கை விட்டுக் கேட்டுக்கொண்டார். அறிவுரைக்குச் சட்டத்தின் வலிமை இல்லை. இத்தாலிக்குப் போகும் அமெரிக்க எண்ணெய் குறைவதற்கு மாறாகக் கூடியது. அதைக் கண்ட மற்ற நாடுகள், 'நாம் நிறுத்தி என்ன பயன்?' என்று கேட்பதற்கு நல்ல சாக்குக் கிடைத்தது.

ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் தடைகளில் கலந்துகொள்ளவே மறுத்தன. 1934இல் அவை இத்தாலியுடன் ரோமில் ஒப்பந்தம் செய்திருந்தன. அதன்படி ஹங்கேரியின் கோதுமைக்கு இத்தாலி ஒரு முக்கியச் சந்தை. தேங்காய் விற்கும் மூன்றாமவரின் நிலையே இது. ஜெர்மனியோ சங்கத்தை விட்டு விலகிய நாடு. அது இத்தாலிக்கு நிலக்கரி அனுப்பி ஆதாயம் பெற்றது.

பணம் மட்டுமே காரணமா?

எல்லாவற்றிற்கும் பணமே காரணம் என்று கூறிவிட்டால் அது அரைகுறை விடையாகும். பிரான்ஸ், ஹிட்லரின் ஜெர்மனியைக் கண்டு அஞ்சியது. இத்தாலியின் நட்பை இழக்க அது விரும்பவில்லை. எண்ணெயை நிறுத்தினால் அதைப் போராகவே கருதுவேன் என்று முசோலினி மிரட்டினார். 1935 டிசம்பரில் பிரிட்டிஷ் அமைச்சர் சாமுவேல் ஹோரும் பிரான்சின் பியர் லவாலும் எத்தியோப்பியாவின் பெரும் பகுதியை இத்தாலிக்குக் கொடுத்துச் சமாதானம் செய்ய இரகசியமாகத் திட்டமிட்டனர். செய்தி வெளிப்பட்டு மக்கள் கொதித்தெழுந்ததால் ஹோர் பதவி விலகினார். 1936 மார்ச் தொடக்கத்தில் எண்ணெய்த் தடையைப் பிரிட்டன் ஆதரித்தபோது பிரான்ஸ் கால தாமதம் கேட்டது. மார்ச் 7ஆம் நாள் ஹிட்லரின் படை ரைன்லாந்தில் நுழைந்தது. அதன்பின் எண்ணெய்த் தடையைப் பற்றிய பேச்சே அடங்கிப் போயிற்று.

எனவே அச்சமும் ஆதாயமும் கைகோத்து நடந்தன எனலாம். நட்டத்திற்கு அஞ்சிய நாடு, 'போர் வந்துவிடும்' என்று கூறித் தப்பித்துக்கொண்டது. போருக்கு அஞ்சிய நாடு, 'அமெரிக்கா விற்கும்போது நாம் நிறுத்தி என்ன பயன்?' என்று கூறித் தப்பித்துக்கொண்டது.

எத்தியோப்பியாவின் கதி

எண்ணெய் தடையின்றிச் சென்றது. லாரிகள் ஓடின, விமானங்கள் பறந்தன. அவ்விமானங்களிலிருந்து நச்சு வாயுவும் வீசப்பட்டது. காலணியற்ற எத்தியோப்பிய வீரரும் கிராமத்து மக்களும் உடல் வெந்து மடிந்தனர். 1936 மே 5ஆம் நாள் தலைநகர் அடிஸ் அபாபா வீழ்ந்தது. ஜூன் 30ஆம் நாள் ஹெய்லி செலாசி ஜெனீவாவில் சங்கத்தின் முன் நேரில் நின்று நீதி கேட்டார். ஜூலையில் சங்கம் செய்தது என்ன தெரியுமா? இத்தாலியின்மீது இருந்த தடைகளையும் நீக்கிவிட்டது!

அரைகுறைத் தடையால் வேறொரு தீமையும் விளைந்தது. 'உலகமே நம்மை நெருக்குகிறது' என்று முசோலினி தம் மக்களிடம் முழங்கினார். 1935 டிசம்பர் 18ஆம் நாள் இத்தாலியப் பெண்கள் தங்கள் திருமண மோதிரங்களைக் கழற்றி நாட்டுக்கு அளித்தனர். அரசி எலேனாவே முதல் மோதிரத்தைத் தந்தார். போரை நிறுத்தும் அளவுக்கு அத்தடைக்கு வலிமை இல்லை. மக்களைச் சர்வாதிகாரியின் பக்கம் திரட்டும் அளவுக்கு மட்டும் அது உறைத்தது.

எண்ணெய்த் தடை வந்திருந்தால் ஒரு வாரத்திற்குள் எத்தியோப்பியாவை விட்டுப் பின்வாங்க நேர்ந்திருக்கும் என்று முசோலினி பின்னாளில் ஹிட்லரிடம் கூறியதாக, ஹிட்லரின் மொழிபெயர்ப்பாளர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். எத்தியோப்பியா மீண்டும் விடுதலை பெற்றது 1941இல். அதற்குள் உலகம் முழுவதும் பெரும்போரில் சிக்கியிருந்தது. எண்ணெய் விற்பனையில் சில கோடிகளைக் காத்துக்கொண்ட நாடுகள், அதைவிடப் பன்மடங்கு பொருளையும் இலட்சக்கணக்கான உயிர்களையும் அப்போரில் இழந்தன.

நம் காலத்திலும் அதே கேள்வி

ஏறத்தாழ 86 ஆண்டுகளுக்குப் பின் அதே கேள்வி மீண்டும் எழுந்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது முழு அளவில் படையெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய எண்ணெயைத் தடை செய்ய முற்பட்டது. உறுப்பு நாடுகள் யாவும் ஒப்பினாலன்றி அத்தடை நிறைவேறாது.

அப்போது ஹங்கேரி மறுத்தது. அந்நாட்டுக்குக் கடற்கரை இல்லை. 'துருஷ்பா' என்னும் நீண்ட குழாய் வழியாக ரஷ்ய எண்ணெய் அங்கு வந்துகொண்டிருந்தது. துருஷ்பா என்றால் ரஷ்ய மொழியில் நட்பு என்று பொருள். கப்பல் தொழிலில் சிறந்த கிரீஸ், மால்டா, சைப்ரஸ் ஆகிய நாடுகளுக்கு வேறு கவலை. ரஷ்ய எண்ணெயைத் தங்கள் கப்பல்கள் பிற நாடுகளுக்கு ஏற்றிச் செல்வதை அடியோடு தடுத்தால் தொழில் வேறு நாட்டாரிடம் போய்விடும் என்று அவை எதிர்த்தன. முடிவில் 2022 ஜூன் மாதம் தடை நிறைவேறியது. கப்பலில் வரும் எண்ணெய்க்குத் தடை. குழாயில் வரும் எண்ணெய்க்கு விலக்கு. கப்பல்களுக்கு முழுத் தடையும் கைவிடப்பட்டது. பீப்பாய்க்கு 60 டாலருக்கு மேற்படாத விலையில் விற்கப்படும் ரஷ்ய எண்ணெயை ஏற்றிச் செல்லலாம் என்ற ஏற்பாடு 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது.

நம் இந்தியாவின் நிலையையும் மறைக்காமல் கூற வேண்டும். நம் நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2022க்கு முன் அதில் ரஷ்ய எண்ணெயின் பங்கு மிகச் சொற்பம். ஐரோப்பா வாங்காமல் விட்ட எண்ணெய் மலிவாகக் கிடைத்ததால், 2023இல் அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உயர்ந்தது. ஐக்கிய நாடுகள் சபை விதிக்காத தடை எங்களைக் கட்டுப்படுத்தாது என்றும், எம் மக்களுக்குக் கட்டுபடியாகும் விலையில் எரிபொருள் பெறுவது எங்கள் கடமை என்றும் இந்திய அரசு விளக்கம் கூறியது. அவ்வெண்ணெயை இந்திய ஆலைகள் சுத்திகரித்து டீசலாக்க, அதில் ஒரு பகுதியை ஐரோப்பிய நாடுகளே வாங்கின! இதில் யார் யாரைக் குறை கூறுவது? டீசல் விலை ஏறினால் பஸ் கட்டணமும் காய்கறி விலையும் ஏறும் என்பதை நம் பெற்றோர் அறிவர். உக்ரைன் நாட்டில் நம் வயதுப் பெண்கள் குண்டுகளுக்கு அஞ்சி நிலவறைகளில் அமர்ந்து படித்ததும் உண்மை. இரண்டு உண்மைகளையும் ஒருசேர எண்ணிப் பார்ப்பதே நேர்மை.

ஒரே நிலை, இரு வழிகள்

அப்படியானால் ஒரு நாடு தன் ஆதாயத்திற்கு என்றும் அடிமைதானா? இல்லை என்பதற்குச் செக் குடியரசு சான்று. அதற்கும் கடற்கரை இல்லை. அதே துருஷ்பா குழாயை நம்பியே அதுவும் இருந்தது. ஹங்கேரியைப் போலவே அதற்கும் விலக்கு கிடைத்தது. ஆனால் கிடைத்த அவகாசத்தில் அந்நாடு மாற்று வழி தேடியது. இத்தாலியின் திரியெஸ்தே துறைமுகத்திலிருந்து வரும் மற்றொரு குழாயின் கொள்ளளவைப் பெருக்கப் பணம் செலவிட்டது. 2025இல் ரஷ்ய எண்ணெய் தனக்கு இனித் தேவையில்லை என்று அறிவித்தது. ஹங்கேரிக்கும் குரோஷியக் கடற்கரையிலிருந்து ஒரு குழாய் வருகிறது. ஆனால் கட்டணம் அதிகம், கொள்ளளவு போதாது என்று கூறி, 2025இலும் அது ரஷ்ய எண்ணெயையே பெரிதும் வாங்கியது.

இவ்விரு நாடுகளையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை விளங்கும். நாட்டின் பொருளாதார நிலை அதன் முதல் பதிலை முடிவு செய்கிறது. இறுதிப் பதிலை முடிவு செய்வது அந்நாட்டின் மனம். செலவை ஏற்க முன்வந்தால் நிலைமையையே மாற்றிக்கொள்ளலாம்.

முடிவுரை

சர்வதேச சங்கத்தின் 16ஆம் விதியில் பலர் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. தடையால் நட்டம் அடையும் நாடுகளுக்கு மற்ற நாடுகள் துணை நின்று அந்நட்டத்தைக் குறைக்க வேண்டும் என்பதே அது. இவ்விதியை எழுதியவர்கள் மனித இயல்பை நன்கு அறிந்தவர்கள். நம் தெருக் கதையில், கடனுக்கு வாங்குபவருக்கு மற்றவர்கள் அரிசி கொடுத்திருந்தால், கடையில் வேலை பார்த்த பையனுக்கு வேறு வேலை தேடித் தந்திருந்தால், தேங்காயைத் தாங்களே வாங்கியிருந்தால் தடை நிலைத்திருக்குமன்றோ? 1935இல் அதற்கு வழி எழுத்தில் இருந்தது. போதிய அளவு செயலில் இல்லை.

ஆகவே தோழியரே, நாளிதழில் ஏதேனும் ஒரு நாடு ஒரு தடையை ஆதரிக்கிறது அல்லது எதிர்க்கிறது என்று படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அந்நாடு எதை வாங்குகிறது? எதை விற்கிறது? அதன் நட்டத்தை யார் பகிர்ந்துகொள்கிறார்கள்? இவற்றுக்கு விடை தெரிந்தால் அந்நாட்டின் பேச்சுக்குப் பின்னால் உள்ள கணக்குப் புரியும். கணக்குப் புரிந்தால் வீண் கோபமும் வராது. வீண் புகழ்ச்சியும் வராது.

நான்காவதாக ஒரு கேள்வியும் உண்டு. அந்தக் கணக்கில் எத்தியோப்பியாவைப் போன்ற எளிய நாட்டின் கண்ணீருக்கு எவ்வளவு மதிப்புப் போடப்பட்டது என்பதே அது. நாளை வாக்களிக்கப் போகும் நாம் இந்தக் கேள்வியைத்தான் நம் நாட்டிடமும் பிற நாடுகளிடமும் முதலில் கேட்க வேண்டும்.